பச்சை உடம்புக்காரிக்குத் துணை போவது எப்படி

"பிரசவத்துக்குத் துணைக்கு வர முடியுமா அக்கா?" என்று யாராவது கேட்டால், நான் முதலில் நாள் குறிப்பது ஆஸ்பத்திரிக்கு அல்ல, அவர்கள் வீட்டுக்கு. எட்டாம் மாதம் பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய் உட்கார்ந்துவிடுவேன். அன்றைக்குப் பேசுகிற ஒரு மணி நேரப் பேச்சுதான் லேபர் வார்டில் பாதி வேலையைச் செய்கிறது.

நான் நர்ஸ் இல்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில், வீட்டில் இருந்தபடியே ரவிக்கை தைக்கிறவள். கோயில் சிற்ப வேலைக்காக என் கணவர் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்தார். 2009 இல் நானும் வந்து சேர்ந்தேன். 1860 இல் தொடங்கி கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் எங்கள் அக்கம்பக்கம். ஆயா, தாத்தா என்ற சொற்கள் அவர்கள் வாயில் இருக்கின்றன. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். ஆனால் வீட்டுப் பேச்சு ஆங்கிலம். அதனால் இந்தியாவிலிருந்து புதிதாக வந்த பெண், குருக்களின் மனைவியோ ஓட்டல் சமையல்காரரின் மனைவியோ, வலி எடுக்கும் நேரத்தில் தமிழில் பேச ஓர் ஆள் தேடுகிறாள். அப்படித்தான் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இதுவரை 31 பிரசவத்துக்குப் போயிருக்கிறேன்.

இந்த வேலை எனக்கு என் தலைப்பிரசவத்தில் வந்து சேர்ந்தது. 2010 ஜூன், இங்கே கால்பந்து உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. தெருவெல்லாம் வுவுசெலா ஊதும் சத்தம். ஆஸ்பத்திரியில் என் கணவரைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். யாரோ ஒருவர் வந்தார், கையுறை மாட்டினார், ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே விரல் வைத்துப் பார்த்தார். என்ன பார்த்தார், எவ்வளவு திறந்திருக்கிறது, இன்னும் எத்தனை நேரம் ஆகும், எதுவும் சொல்லவில்லை. நான் கத்தியபோது சிரித்தார்கள். அவர்கள் சொன்ன கேலி புரிகிற அளவுக்கு எனக்கு ஆங்கிலம் இருந்தது, பதில் சொல்லும் அளவுக்கு இல்லை. தையல் போட்டிருக்கிறார்கள் என்பதே மறுநாள் ஒன்றுக்குப் போகும்போது எரிந்த பிறகுதான் தெரிந்தது. மகன் நல்லபடியாகப் பிறந்தான். "குழந்தை நல்லா இருக்கே, அப்புறம் என்ன?" என்றார்கள் எல்லோரும்.

2013 இல் மகளுக்கு வேறு ஆஸ்பத்திரி. இரவு டூட்டியில் இருந்த, இந்தப் பக்கத்து ஜூலு இனத்தைச் சேர்ந்த சிஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்?" என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் "இப்போது பார்க்கட்டுமா?" என்றார். ஒரு முறை வலி ஏறிக்கொண்டிருந்ததால் பொறுங்கள் என்று கை காட்டினேன். அவர் கையை எடுத்துக்கொண்டு, வலி இறங்கும் வரை என் முழங்காலைத் தடவிக்கொடுத்தபடி காத்திருந்தார். அதே உடம்பு, அதே வலிதான். ஆனால் அந்த ராத்திரியை நினைத்தால் எனக்கு அழுகை வருவதில்லை.

அந்த சிஸ்டர் செய்ததைத்தான் இப்போது நான் மற்றவர்களுக்குக் கேட்டு வாங்கிக்கொடுக்கப் பார்க்கிறேன். துணைக்குப் போகிற மாமியார், நாத்தனார், கணவர், பக்கத்து வீட்டு அக்கா, எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

எட்டாம் மாதத்து ஞாயிற்றுக்கிழமை

ஒரு முழு வெள்ளைத்தாள் கொண்டுபோங்கள். அவளிடம் கேளுங்கள், அவளிடம் மட்டும். கணவர் பதில் சொன்னால், "தம்பி, ஒரு டீ போடுங்க" என்று எழுப்பிவிடுங்கள். உன்னை எப்படிக் கூப்பிட வேண்டும்? கூட யார் இருக்க வேண்டும், யார் இருக்கக்கூடாது? எதற்கு ரொம்பப் பயம்? ஊசியா, ரத்தமா, ஆபரேஷனா, ஆண் டாக்டரா? முன்னால் யாராவது உன்னை நோகடித்திருக்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை மெதுவாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஒரு பெண் பதிலே சொல்லவில்லை. தாளில் மட்டும், "தொடுவதற்கு முன் கட்டாயம் சொல்லவும்" என்பதற்குக் கீழே தானே இரண்டு கோடு போட்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

எல்லாவற்றையும் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இங்கே கர்ப்பிணி கையிலேயே வைத்திருக்கிற மெட்டர்னிட்டி புத்தகம் இருக்கிறது அல்லவா, அதன் உள்அட்டையில் செருகுங்கள். நான் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: "என்னைச் செல்வி என்று கூப்பிடுங்கள். எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரியும், மெதுவாகப் பேசினால் புரியும். பரிசோதிப்பதற்கு முன் சொல்லுங்கள், நான் சரி என்ற பிறகு செய்யுங்கள். எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். படுத்தே இருக்க எனக்கு முடியாது, நடக்க ஆசை. ஆபரேஷன் தேவைப்பட்டால் காரணத்தை எனக்கும் என் துணைக்கும் சொல்லுங்கள். குழந்தை நன்றாக இருந்தால் உடனே என் நெஞ்சில் போடுங்கள்." கடைசியில் நன்றி என்று ஒரு வரி. வேலை நெருக்கடியில் இருக்கிற சிஸ்டரும் அரை நிமிடத்தில் படித்துவிடுவார்.

இது சலுகை கேட்பதல்ல. தென்னாப்பிரிக்காவின் 2003 ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டம், நோயாளிக்கு அவர் நிலைமையையும், என்னென்ன வழிகள் இருக்கின்றன, அவற்றின் நன்மை தீமை என்ன என்பதையும், முடிந்தவரை அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது. வேண்டாம் என்று மறுக்கும் உரிமையையும் சொல்ல வேண்டும் என்கிறது. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக்கூடாது என்று அரசியல் சாசனத்தின் 27 ஆம் பிரிவு சொல்கிறது. கர்ப்பிணிகளுக்கும் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவம் இலவசம் என்பது 1994 இல் மண்டேலா ஆட்சி தொடங்கிய உடனே வந்தது. விசா, பேப்பர் என்று பயந்து கிளினிக்குக்கே போகாமல் இருக்கிற பெண்களை எனக்குத் தெரியும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்களும் எந்த நாட்டவராக இருந்தாலும், காகிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த உரிமை உண்டு என்று 2023 ஏப்ரலில் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே போங்கள். மாதம் ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். கர்ப்ப காலத்தில் குறைந்தது 8 முறை பார்க்க வேண்டும் என்பதுதான் இங்கே அரசு கிளினிக்குகளின் கணக்கு.

கிளினிக்குக்குத் துணை போகிறவர்களுக்கு ஒன்று. எச்ஐவி பரிசோதனை இங்கே எல்லாக் கர்ப்பிணிகளிடமும் கேட்டுச் செய்வார்கள். அதன் முடிவு அவளுக்குச் சொந்தம். சிஸ்டர் ரிப்போர்ட்டை எடுக்கும்போது நீங்களே எழுந்து வெளியே போய்விடுங்கள், "நீங்க இருங்க" என்று அவள் சொன்னால் ஒழிய. வெளியே வந்ததும் என்ன சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். மாமியாராக இருந்தாலும்.

அப்புறம், துணைக்கு ஆள் விடுவார்களா என்பதை வலி வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். அவள் விரும்புகிற ஒருவர் பிரசவம் முழுக்கக் கூட இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, இங்குள்ள பிரசவ வழிகாட்டியும் அதை ஆதரிக்கிறது. ஆனாலும் பல வார்டுகளில் நடுவில் ஒரு திரைச்சீலைதான். பக்கத்துக் கட்டில் பெண்ணின் மானத்தை நினைத்து ஆண்களைத் தடுப்பார்கள். அது நியாயமான தயக்கம். அதனால் முன்கூட்டியே வார்டு பொறுப்பு சிஸ்டரைப் பார்த்து, யார் வரலாம், எத்தனை பேர், இரவில் உண்டா என்று கேட்டு, அவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். "இன்னாரிடம் பேசியிருக்கிறோம்" என்றால் வாசலில் பாதி வாக்குவாதம் குறையும்.

பை பற்றிச் சுருக்கமாக: மெட்டர்னிட்டி புத்தகம், ஐடி அல்லது பாஸ்போர்ட், பெரிய பேட் இரண்டு பாக்கெட், நாப்கின், குழந்தைத் துணி, சோப்பு, துண்டு, சார்ஜர், ரப்பர் செருப்பு. பேட், நாப்கின் எல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் கொடுப்பார்கள் என்று எண்ண வேண்டாம். பழைய பருத்திச் சேலை ஒன்றும் வைப்பேன். எதற்கெல்லாமோ ஆகும்.

வார்டுக்குள்

உள்ளே போனதும் வணக்கம் சொல்லுங்கள். "சாவுபோனா, சிஸ்டர்." ஜூலு மொழியில் அந்த ஒரு சொல்லுக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. வணக்கம் சொல்லாமல் வேலையைக் கேட்பது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. நம்மை மதிக்க வேண்டும் என்று கேட்கப் போகிறோம், நாம் முதலில் மதிக்க வேண்டாமா? பன்னிரண்டு மணி நேர டூட்டியில், எட்டுக் கட்டிலுக்கு இரண்டு பேராக ஓடிக்கொண்டிருப்பவர்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் நல்லவர்கள் என்பதை இத்தனை வருடத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உங்கள் இடம் அவள் தலைமாட்டில். கால்மாட்டுக்குப் போகாதீர்கள், அங்கே உங்களுக்கு வேலை இல்லை. அவள் முகம் தெரிகிற இடத்தில் இருந்தால்தான் எப்போது பயப்படுகிறாள், எப்போது தண்ணீர் வேண்டும் என்று தெரியும். டாக்டர் உங்களைப் பார்த்துப் பேசினால் நீங்கள் அவளைப் பாருங்கள். டாக்டரின் பார்வையும் தானாக அவளிடம் போய்விடும். இதை நான் எத்தனையோ முறை சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

மொழிபெயர்க்கும்போது சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்கள். "பயப்படாதே, எல்லாம் சரியாப் போகும்" என்று நீங்களாகச் சேர்க்காதீர்கள். "குழந்தையின் இதயத்துடிப்பு கொஞ்சம் குறைகிறது, இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்கிறார்" என்றால் அதுவேதான். அவள் கேட்கிற கேள்வியையும், அசட்டுக் கேள்வி என்று உங்களுக்குத் தோன்றினாலும், அப்படியே கேளுங்கள். ஒரு பெண் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் வழியில், "என் தாலியைக் கழற்றணுமா?" என்று மட்டும்தான் கேட்டாள். எனக்கு அது நேரமில்லாத நேரமாகத் தெரிந்தது, ஆனாலும் கேட்டேன். மயக்க மருந்து டாக்டர் நின்று, அதை ஒரு துணி டேப்பால் தோளோடு ஒட்டிவிட்டார். உள்ளே போகும்போது அவள் கை நடுங்கவில்லை.

ஏதாவது செய்யப்போகிறார்கள், காரணம் புரியவில்லை என்றால், குரல் உயர்த்தாமல் மூன்று கேள்வி: இது எதற்காக? இதற்குப் பதில் வேறு வழி உண்டா? கொஞ்சம் பொறுத்தால் என்ன ஆகும்? அவசரம் என்றால் அவசரம் என்று சொல்வார்கள், வழிவிட்டு நில்லுங்கள். அவசரமில்லை என்றால் அந்த மூன்று கேள்வியே அவளுக்கு யோசிக்க நேரம் வாங்கிக்கொடுக்கும். பிறப்புறுப்பில் கத்தரிப்பதை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யக்கூடாது என்பது இன்றைய மருத்துவம். சிக்கல் இல்லாத பிரசவத்தில் தண்ணீர் குடிக்கலாம், லேசாகச் சாப்பிடலாம், நடக்கலாம். தனியார் ஆஸ்பத்திரிகளில் மருத்துவக் காப்பீட்டில் நடக்கும் பிரசவங்களில் 10 க்கு 7 க்கு மேல் சிசேரியன் என்ற நாடு இது. அதனால் தனியாரில் பார்க்கிறவர்கள் இந்த மூன்று கேள்வியை ஏழாம் மாதத்திலேயே டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. தேவையான சிசேரியன் உயிர் காக்கும். அதைச் செய்துகொண்டவள் எதிலும் குறைந்தவள் இல்லை. "வலி தாங்காம ஆபரேஷன் பண்ணிக்கிட்டா" என்று உறவுக்காரர்கள் பேசினால் அங்கேயே நிறுத்துங்கள்.

இன்னொன்று, போன். இங்கே இரவு பத்து மணி என்றால் ஊரில் விடிகாலை ஒன்றரை. ஆனாலும் வாட்ஸ்அப்பில் முகம் காட்டச் சொல்வார்கள். கத்துகிற பெண்ணை வீடியோவில் காட்டாதீர்கள். செய்தியை அவள் சொல்லச் சொல்லும்போது சொல்லலாம்.

பிறந்த பிறகு முதல் சில மணி நேரம்

எல்லோரும் குழந்தையைச் சுற்றி நிற்பார்கள். எடை எவ்வளவு, நிறம் என்ன, யார் ஜாடை. அந்த நேரத்தில்தான் அம்மாவைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். துணைக்குப் போனவர் அந்த ஆளாக இருங்கள். பிரசவத்தில் தாய்மார்கள் சாவதற்கு உலகம் முழுக்க முன்னால் நிற்கிற காரணம் உதிரப்போக்கு. முதல் 24 மணி நேரத்திலேயே பெரும்பாலும் வருகிறது.

சிஸ்டர் வந்து வயிற்றை அழுத்திப் பார்ப்பார். கருப்பை தொப்புள் பக்கத்தில் உருண்டையாக, கெட்டியாக இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ரத்தம் அதிகம் போகலாம். வலிக்கும், அதனால் முன்னாலேயே அவளுக்குச் சொல்லி வைத்துவிடுங்கள். பேட்டை நீங்களே கண்ணால் பாருங்கள். "கொஞ்சம்தான்" என்று அவள் சொன்னாலும் பாருங்கள், முதல் பிள்ளைக்காரிக்குக் கொஞ்சம் எது, அதிகம் எது என்று எப்படித் தெரியும்? கண்ணால் மதிப்பிடுவதில் நர்சுகளே ஏமாறுவதுண்டு என்பதால்தான், கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாய்க்கு அடியில் விரித்து ரத்தத்தை அளந்தார்கள். அளவு மீறினால் வயிற்றைத் தேய்ப்பது, மருந்து, சலைன் எல்லாவற்றையும் ஒன்றாக, உடனே தொடங்கினார்கள். கடும் உதிரப்போக்கும் அதனால் வரும் ஆபத்துகளும் 60 சதவீதம் குறைந்தன. 2023 இல் முடிவு வெளிவந்தது. அதில் நம் ஊர் ஆஸ்பத்திரிகளும் இருந்தன என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை. "ரத்தம் எவ்வளவு போயிருக்கிறது சிஸ்டர்?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

குழந்தையை நெஞ்சோடு போட்டு முதல் மணி நேரத்திலேயே பால் குடிக்க விடுங்கள். சீம்பால் மஞ்சளாக, பிசுபிசுப்பாக, சில சொட்டுத்தான் வரும். "பாலே வரலையே" என்று பதறாதீர்கள். அந்தச் சொட்டுகள் போதும். பீய்ச்சிக் கொட்டாதீர்கள். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் ஒன்றும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து.

பிசிஜி ஊசியும் போலியோ சொட்டு மருந்தும் ஆஸ்பத்திரியிலேயே கொடுத்து, ரோட் டு ஹெல்த் என்கிற குழந்தையின் மருத்துவக் குறிப்புப் புத்தகத்தில் எழுதித் தருவார்கள். அதைப் பத்திரப்படுத்துங்கள். பிறப்பை 30 நாளுக்குள் ஹோம் அஃபேர்ஸ் என்கிற உள்துறை அலுவலகத்தில் பதிய வேண்டும். வேலைக்குப் போகிறவளாக இருந்தால் யுஐஎஃப் என்கிற வேலையின்மைக் காப்பீட்டு நிதியின் பேறுகாலப் பணத்துக்கு மனுப்போடுங்கள். இதெல்லாம் கணவர் வேலை.

வீட்டில் நாற்பது நாள்

பச்சை உடம்புக்காரியை வீட்டுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிற நம் வழக்கத்தில் பாதி பொன். நான் வார்டில் பத்தியம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு ஜூலு சிஸ்டர், "எங்களுக்கும் அப்படித்தான், பிள்ளை பெற்றவளை உம்ட்லெசானே என்போம், அவளை வேலை வாங்கக்கூடாது" என்றார். அவர் அம்மா அவரைப் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொன்னபோது எனக்கு என் அம்மா நினைவு வந்தது. ஆகவே ஓய்வை விடாதீர்கள். ஆனால் தீட்டு என்று ஒரு மூலையில் தனித் தட்டு, தனிப் பாய் கொடுத்து ஒதுக்கிவைப்பது ஓய்வாகாது. பேச ஆள் இல்லாமல் நாற்பது நாள் ஒரு அறையில் கிடப்பது உடம்புக்கும் மனதுக்கும் கேடு.

மற்றப் பாதியில் சிலவற்றை உடனே நிறுத்த வேண்டும். ஒரு டிசம்பரில், ஆறாம் நாள் பிள்ளைக்காரி ஒருத்தியைப் பார்க்கப் போனேன். டர்பன் டிசம்பர் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், சுவரே வியர்க்கும். ஜன்னல் எல்லாம் சாத்தி, காதில் பஞ்சு, தலையில் கம்பளித் துண்டு. உதடு வெடித்திருந்தது. தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கும் என்று ஊரிலிருந்து போனில் சொன்னதால் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர்தான். நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. "பால் கட்டின காய்ச்சல்தான்" என்றார்கள். தெர்மாமீட்டரில் 38.6. உதிரத்தில் வாடை அடிக்கிறதா என்று தனியாகக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றாள். வெட்கத்தில் மூன்று நாளாக யாரிடமும் சொல்லவில்லை. கருப்பையில் சீழ் பிடித்திருந்தது. ஊசி மருந்தோடு ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தாள்.

அதனால் சொல்கிறேன்: தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள், கேட்கும் முன்பே பக்கத்தில் சொம்பு இருக்கட்டும். ஜன்னலைத் திறங்கள். மின்விசிறி நேராக முகத்தில் அடிக்காமல் இருந்தால் போதும். வெந்நீரில் தினம் குளிக்கட்டும், ஆனால் தையல் இருக்கிற இடத்தில் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதும் வயிற்றில் ஓங்கி அடித்து ஊற்றுவதும் கூடாது. ஒன்றுக்குப் போகும்போது வெதுவெதுப்பான தண்ணீரைக் குவளையில் எடுத்து ஊற்றிக்கொண்டே போனால் எரிச்சல் தெரியாது. முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும்.

வயிறு கட்டுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். துணி வேலை என் தொழில் என்பதால் நானே கிழித்துக் கொடுப்பேன்: பழைய பருத்திச் சேலையில் ஒரு முழம் அகலம், இரண்டரை மீட்டர் நீளம், ஓரம் மடித்துத் தைக்காமல், தைத்தால் உறுத்தும். இடுப்பெலும்பிலிருந்து தொடங்கி மேலே சுற்ற வேண்டும். கட்டிய பிறகு உள்ளே நான்கு விரல் தாராளமாகப் போக வேண்டும். மூச்சை இழுத்துவிடச் சிரமம் இருந்தாலோ கீழே ஏதோ இறங்குகிற மாதிரி இருந்தாலோ அவிழ்த்துவிடுங்கள். இடுப்புக்கு ஆதரவாக இருக்கும், அவ்வளவுதான். வயிறு உள்ளே போவதற்கு அது மருந்தல்ல. சிசேரியன் என்றால் டாக்டரைக் கேட்காமல் கட்ட வேண்டாம். இருமும்போது ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வதும், எழும்போது ஒருக்களித்துக் கையை ஊன்றி எழுவதும் போதும். குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக்கூடாது.

சாப்பாடு. பூண்டும் மிளகும் சீரகமும் போட்ட ரசம், சுக்குக் கருப்பட்டி, பூண்டுக் குழம்பு, எல்லாம் நல்லது. லேகியம் ஊரிலிருந்து வந்தால் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஒரு சுண்டைக்காய் அளவு. பெயர் தெரியாத பொடி வேண்டாம். பத்தியம் என்று வெறும் சோறும் மிளகுத் தண்ணியுமாக நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் போன உடம்பு. சாட்ஸ்வர்த்தில் எத்தனையோ வீட்டுக் கொல்லையில் முருங்கை இருக்கிறது. கேட்டால் கிளையையே ஒடித்துக் கொடுப்பார்கள், இங்கே கீரைக்கு ஹெர்ப்ஸ் என்று பெயர். பால்சுறாவுக்கு அலைய வேண்டாம். ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் கரைக்கு வரும்போது அதுவே அருமை. மற்ற மாதத்தில் டின் மீன். ஆமாம், பில்சர்ட் டின்தான். எலும்போடு சாப்பிடலாம், சுண்ணாம்புச்சத்து. வெங்காயமும் பூண்டும் வதக்கிப் போட்டால் பத்து நிமிடத்தில் குழம்பு. தயிர் ஆகாது என்கிறவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை, இங்கே கடையில் கிடைக்கிற மாஸ் என்ற புளித்த பாலில் ஒரு கிண்ணம் மத்தியானத்தில் கொடுத்துவிடுகிறேன். பருப்பு, முட்டை, பழம் எல்லாம் உண்டு. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு கொடுக்காதீர்கள், உடம்பில் சேராது.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்கிறேன். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தால், பெரிய கட்டியாக ரத்தம் வந்தால், காய்ச்சல் 38 க்கு மேல் போனால், உதிரத்திலோ தையலிலோ துர்நாற்றம் வந்தால். விடாத தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குக் கீழே வலி, வலிப்பு. இவை ரத்த அழுத்தத்தால் வருபவை. கர்ப்பத்தில் அழுத்தம் இல்லாதவளுக்கும் பிறந்த பிறகு வரலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால். குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், வேகமாக மூச்சுவிட்டால், முதல் நாளிலேயே மஞ்சளானால். ஆம்புலன்சுக்கு 10177, மொபைலில் இருந்து 112. நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்வதற்கு அந்தத் தாளில் இடம் கிடையாது.

மனசையும் அப்படியே கவனியுங்கள். மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமில்லாமல் அழுவாள். பால் இறங்குகிற நேரம் அது. அழ விட்டு, பக்கத்தில் உட்காருங்கள். இரண்டு வாரத்துக்குள் தெளிந்துவிடும். தெளியாமல், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல், சோறு இறங்காமல், "நான் இல்லாட்டியும் பரவாயில்லை" என்ற மாதிரி பேச்சு வந்தால் அது நோய், மருந்துண்டு. திருஷ்டி சுற்றிப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, சுற்றிவிட்டு அன்றைக்கே கிளினிக்குக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். தற்கொலை எண்ணம் இருந்தால் பேசுவதற்கு 0800 567 567 என்ற இலவச எண் இருக்கிறது. அவளிடம் நேராகக் கேட்டுவிடலாம், "சாகணும்னு தோணுதா கண்ணு?" என்று. கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. நான் இருவரிடம் கேட்டிருக்கிறேன். இருவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இன்றைக்கு இருவர் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

நடந்தது சரியில்லை என்றால்

அடித்தார்கள், திட்டினார்கள், கேட்காமல் செய்தார்கள் என்றால், புகார் செய்யலாமா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும், உங்கள் கோபம் அல்ல. ஆனால் எழுதி வைப்பதை அன்றைக்கே செய்யுங்கள்: தேதி, நேரம், வார்டு, யார் என்ன சொன்னார்கள். முதலில் ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தீரவில்லை என்றால் மருத்துவப் புகார்களை விசாரிக்கிற ஹெல்த் ஓம்பட் அலுவலகம் இருக்கிறது. நர்ஸ் மீது நர்சிங் கவுன்சிலுக்கும் எழுதலாம். நான் 2010 இல் எதுவும் எழுதவில்லை. எழுதலாம் என்பதே தெரியாது. நன்றாகப் பார்த்துக்கொண்ட சிஸ்டரைப் பற்றியும் ஒரு கடிதம் எழுதுங்கள். அப்படி ஒரு கடிதத்தை வார்டுச் சுவரில் ஒட்டி வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

பிறந்த மூன்றிலிருந்து ஆறு நாளுக்குள் ஒரு முறையும், ஆறாம் வாரத்தில் ஒரு முறையும் கிளினிக்குக்குப் போக வேண்டும். ஆறாம் வாரத்துக்கு எல்லோரும் தவறாமல் போகிறார்கள், குழந்தைக்கு ஊசி இருப்பதால். எடை போட்டு, ஊசி போட்டு, புத்தகத்தில் எழுதியதும் எழுந்துவிடுகிறார்கள். நீங்கள் எழுந்துவிடாதீர்கள். "இவளையும் பார்க்க வேண்டும் சிஸ்டர்" என்று சொல்லி உட்கார்ந்தே இருங்கள். ரத்த அழுத்தம், தையல், மார்பு, தூக்கம், அடுத்த பிள்ளை எப்போது என்ற பேச்சு, எல்லாம் இருக்கிறது. குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு வெளியே போய் வராந்தாவில் நடங்கள். கதவை அவளுக்குப் பின்னால் சாத்திவிடுங்கள்.